பதினொன்றேகால் கிலோ

உக்கடத்தில் இலியாஸ் கடையில்
பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு வாங்கினேன்.
பதினொன்றேகால் கிலோ.
கைப்பிடிக் குமிழ் மட்டும் மரம்,
மற்றதெல்லாம் துரு.
"சந்தகை மிஷினுங்ணா, மேல்பக்கம் தொலஞ்சுபோச்சு"
என்றான்.

எனக்கும் அப்படித்தான் பட்டது.
ஆனால் சந்தகைக்குத் தண்டு
மேலிருந்து கீழே இறங்க வேண்டும்.
இதில் கீழிருந்து மேலே போக வழி வைத்திருந்தான்.
நெற்றியில் மரை வெட்டிய துளை:
ஏழு நூல் விட்டம், இஞ்சுக்குப் பதினாலு மரை.
பம்புசெட்டில் இந்த மரைக்கு வேலையே இல்லை.
அது உறுத்தித்தான் வாங்கினேன்.

கணபதியில் என் பட்டறை.
பெயிண்ட் வாளியில் டீசல் ஊற்றி
ஒன்பது நாள் ஊறப்போட்டேன்.
பாதி ஏறிய தண்டு பாதியிலேயே நின்றது.
"புளியக் கரைச்சு ஊத்திப் பாருங்"
என்றாள் வசந்தாமணி.
வெங்கலப் போசிக்கு அது சரி.
பத்தாம் நாள் காலை
கேஸ் கட்டர் நாக்கைச் சின்னதாக்கி
சுற்றிச் சுற்றிக் காட்டினேன்.
மரச்சுத்தியால் ஒரு தட்டு.
டப்பி மூடி திறப்பதுபோல் ஒரு சத்தம்,
அவ்வளவுதான்.

தண்டின் தலைக் காடியில்
பச்சைக் களிம்பேறிய பித்தளை ஒன்று,
சுண்டுவிரல் நுனியளவு.
தேய்ந்த புஷ் என்று நினைத்து
வாஷர் டப்பாவில் எறிந்தேன்.

எண்பது, இருநூற்றிருபது, நானூறு
என்று உப்புத்தாள் மாறமாற
வார்ப்பு வெளியே வந்தது.
ஓர் ஊசித்துளை கிடையாது.
எங்கள் ஊர் பவுண்டரியில் இப்படி ஒன்று விழுந்தால்
மோல்டர் அன்றைக்கு லீவு கேட்பான்,
கொடுத்தும் விடுவார்கள்.
இணைப்பு ஊசி மட்டும் தேய்ந்திருந்தது.
லேத்தில் புதிதாகக் கடைந்து போட்டேன்.
கைப்பிடி முதலில் சும்மா இறங்குகிறது,
குழந்தைகூட இழுக்கலாம்.
கடைசி ஒரு விரற்கடையில்
எங்கிருந்தோ ஒரு டன் வந்து சேர்கிறது.
அந்தக் கணக்கை நினைத்து
இரண்டு நாள் தூக்கம் சரியில்லை.

மிக்ஸி ஜாருக்குக் கப்ளர் மாற்ற வந்த
ஆயுதப்படை எஸ்.ஐ. கலாமணி
பெஞ்சைப் பார்த்து நின்றுவிட்டாள்.
"ஏனுங்ணா, இது தோட்டா அடைக்கிற மிஷினாச்சே.
சுட்ட கூட்டை இதுல வெச்சு,
பழைய கேப்பைத் தள்ளிட்டு,
புதுக் கேப்பு, மருந்து, மேல குண்டு.
மறுக்காவும் சுடலாம்."
"லைசென்ஸ் வேணுங்களா?"
"இரும்புக்கா?"
யோசித்தாள்.
"கேட்டுச் சொல்றனுங்."
ஜாருக்கு எண்பது ரூபாய் கொடுத்துவிட்டுப் போனாள்.
இன்னும் சொல்லவில்லை.

அவள் வண்டிச் சத்தம் தேய்ந்ததும்
வாஷர் டப்பாவைக் கவிழ்த்தேன்.
களிம்பைத் துடைத்த பித்தளையின் அடியில்,
வட்டத்துக்குள் வட்டம்,
உள்வட்டத்தின் நட்டநடுவில் ஒரு குழி.
ஊசி அடித்த தடம்.
ஒருமுறை வெடித்திருக்கிறது.
எதன்மேல் என்று பித்தளையில் எழுதியிருக்காது.
இரண்டாம் முறைக்குப் பாதி தூரம் ஏறி
நின்றிருக்கிறது.

கைப்பிடியைப் பாதியில் விட்டு
எழுந்து போனவன் எதற்காகப் போனான்?
சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள்.
மழை வந்து காயப்போட்டதை எடுக்கப் போயிருப்பான்.
போனவன் வரவில்லை, துரு வந்தது.
இத்தனை வருஷம்
அந்தக் கைப்பிடியை
அது பிடித்து வைத்திருந்தது.
டீசலும் நெருப்பும் காட்டிப்
பிடி விடவைத்தவன் நான்.

"அப்ப சந்தகை ஆவாதா?" என்றாள் வசந்தாமணி.
ஈயம் புழங்கின இரும்பு என்றேன்.
முகத்தைச் சுளித்துக்கொண்டு,
"இலியாசுக்கே திருப்பிக் குடுங்" என்றாள்.
சரி என்றுதான் சொன்னேன்.
நாற்பது நாள் ஆகிறது.

பட்டறை பூட்டுமுன்
கைப்பிடியை ஒருமுறை இறக்கிப் பார்க்கிறேன்.
கூடு இல்லை, மருந்து இல்லை.
வெறும் தண்டு ஏறி
வெறும் துளையைத் தொட்டு இறங்குகிறது.
ஓர் ஆட்டமில்லை, ஒரு கீச்சில்லை.
நல்ல வேலை.
என் கையால் செய்ததில் இதுதான் நல்ல வேலை என்று
யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.